மிதிப்பவரும் கொடுப்பவரும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வார இறுதியில் 6,000-க்கும் மேற்பட்டோர் சைக்கிளில் கிளம்புகிறார்கள். முழுத் தூரம் மிதிப்பவர்களுக்கு, ஸ்டர்பிரிட்ஜ் என்ற உள்நாட்டு ஊரில் தொடங்கி, கற்களை அடுக்கி வேலி கட்டிய பண்ணைகள், காட்டோரச் சாலைகள், கிரான்பெரி விளையும் சதுப்பு வயல்கள் வழியாக, கேப் காட் நிலமுனையில் இருக்கும் ப்ராவின்ஸ்டவுன் வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இரண்டு நாள் பயணம். பலர் நண்பர்களோடு குழுவாகச் சேர்ந்து வருகிறார்கள். ‘பான்-மாஸ் சேலஞ்ச்’ என்ற இந்தச் சவாரி 2024-இல் மட்டும் பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு 7.5 கோடி டாலர் கொடுத்தது.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான ஏற்பாடு. சைக்கிள் மிதிப்பதற்கும் புற்றுநோய் மருந்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சக்கரம் சுற்றுவதால் ஒரு டாலரும் உண்டாவதில்லை. அந்த இரண்டு நாளும் கூடுதல் வேலை பார்த்துக் கிடைக்கும் கூலியை நேராக மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டால் தண்ணீர்ப் பந்தல், போலீஸ் பாதுகாப்பு, கூடாரம் என்று எந்தச் செலவும் இருக்காது. ஆனால் அப்படி யாரும் செய்வதில்லை; செய்தாலும் இவ்வளவு தொகை சேராது. ஏன் சேராது என்பதில்தான் இந்த வழக்கத்தின் உயிர் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்கொடைச் சவாரியின் பலமும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பணம் நட்பின் வழியாக வருகிறது. அதனால்தான் இத்தனை தாராளமாக வருகிறது. அதனாலேயே எல்லோருக்கும் போய்ச் சேராமலும் இருக்கிறது.

முகம் பார்த்து வரும் பணம்

தொடக்கம் சிறியது. மெலனோமா புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்ற இளைஞர் 1980-இல் நண்பர்களைத் திரட்டினார். மொத்தம் 36 பேர் மிதித்தார்கள்; சேர்ந்தது 10,200 டாலர். தொடக்கத்திலிருந்து சேர்ந்த மொத்த வசூல் 2024-இல் 100 கோடி டாலரைத் தாண்டியது. பணம் டானா-ஃபார்பருக்குப் போய்ச் சேரும் வழியான ‘ஜிம்மி நிதி’க்கு இன்னும் பழைய கதை உண்டு. 1948 மே மாதம், புற்றுநோயோடு மருத்துவமனையில் படுத்திருந்த ஒரு சிறுவனின் குரலை வானொலி நாடெங்கும் ஒலிபரப்பியது. அடையாளம் தெரியக் கூடாது என்று அவனுக்கு ‘ஜிம்மி’ என்று பெயர் வைத்தார்கள். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் அணி வீரர்கள் படுக்கையருகே வந்து பேசினார்கள். ஆட்டம் பார்க்க அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டுமாம், உதவுங்கள் என்று கேட்டதற்கு 2,31,000 டாலருக்கு மேல் வந்து குவிந்தது. பெட்டியும் கிடைத்தது, மருத்துவமனையும் வளர்ந்தது.

டானா-ஃபார்பர் நிலையத்தை நிறுவிய டாக்டர் சிட்னி ஃபார்பர் அதே 1948-இல்தான் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை அமினோப்டெரின் என்ற மருந்து தற்காலிகமாகப் பின்வாங்க வைத்ததை வெளியிட்டார். சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அந்த மருந்தை அவருக்குக் கொடுத்தது லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதற்காக முழு மருத்துவப் பட்டம் மறுக்கப்பட்டுக் கப்பலேறியவர். மருந்தைக் கண்டுபிடித்தவரின் பெயர் ஊருக்குத் தெரியாது. வானொலியில் பேசிய சிறுவனின் பெயரில் நிதியே இருக்கிறது. இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. மனிதர்கள் அறிவைப் பார்த்துக் கொடுப்பதில்லை, முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் இது காட்டுகிறது. சைக்கிள் சவாரி இதில் ஒரு படி முன்னேறியது. வானொலியில் கேட்ட முகமறியாச் சிறுவனுக்குப் பதிலாக, கொடுப்பவருக்கு நன்றாகத் தெரிந்த முகத்தை நடுவில் நிறுத்தியது.

நடைமுறையைப் பாருங்கள். சவாரிக்குப் பதிவு செய்பவர் குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்கிறார். பான்-மாஸ் சவாரியில் முழுத் தூரம் மிதிப்பவருக்கு இது பல ஆயிரம் டாலர். திரட்ட முடியாவிட்டால் மீதித் தொகை அவருடைய கடன் அட்டையிலிருந்தே எடுக்கப்படும். ஆகவே அவர் தன் பெயரில் ஓர் இணையப் பக்கம் திறந்து, உறவினர், நண்பர், அலுவலகத் தோழர், பழைய வகுப்புத் தோழர் என எல்லோருக்கும் கடிதம் எழுதுகிறார். கொடுத்தவர் பெயரும் பெரும்பாலும் தொகையும் அந்தப் பக்கத்தில் வரிசையாக ஏறும்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து பார்த்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் கறிச்சோறு போட்டு, வாசலில் நோட்டோடு ஆள் உட்காருவார். பெயர், ஊர், தொகை எழுதப்படும். நாளை கொடுத்தவர் விருந்து வைக்கும்போது வாங்கியவர் கூட்டிச் செய்ய வேண்டும். அமெரிக்கச் சவாரிக்காரரின் பக்கமும் மொய் நோட்டுதான். ‘போன வருஷம் என் ஓட்டத்துக்கு அவர் கொடுத்தார், இந்த வருஷம் அவர் சைக்கிளுக்கு நான் கொடுக்காமல் இருக்க முடியுமா?’ என்ற கணக்கு அங்கேயும் ஓடுகிறது. ஒரே வேறுபாடு, மொய்ப் பணம் விருந்து வைத்தவருக்கே போகும். இங்கே வசூலித்தவர் கையில் ஒரு காசும் தங்காமல், முன்பின் தெரியாத நோயாளிக்குப் போகிறது. உறவுக்குள்ளேயே சுற்றிவரும் கடமையை உறவுக்கு வெளியே திருப்பிவிட்டது இந்த வழக்கத்தின் முதல் சாதனை. அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஆனால் கேட்பதற்கு ஒரு தகுதி வேண்டும். அங்கேதான் மிதிப்பது வருகிறது. கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷாஃபிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், சுலபமான, இன்பமான வழியைவிட வலியும் உழைப்பும் தேவைப்படும் வழியில் நிதி திரட்டும்போது மக்கள் அதிகம் கொடுக்க முன்வருகிறார்கள் என்று கண்டார்கள். மனிதத் துன்பத்தைப் போக்கும் காரியங்களுக்கே இது நன்றாக வேலை செய்கிறது, பொழுதுபோக்குக் காரியங்களுக்கு அவ்வளவாக இல்லை என்றும் சொன்னார்கள். காவடி எடுப்பவருக்கும் அலகு குத்துபவருக்கும் வழிவிட்டு நிற்கும் ஊரில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் உடலை வருத்தி வந்து கேட்கும்போது, கேள்வியின் எடை மாறிவிடுகிறது.

வாய் திறக்க வைத்த சவாரி

பணத்தைத் தாண்டிய சாதனையைப் பார்க்கக் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும். 1994-இல், அமெரிக்காவில் 25 முதல் 44 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு எய்ட்ஸ் முதன்மைக் காரணமாக இருந்த காலத்தில், டான் பலோட்டா என்பவர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஏழு நாள் சைக்கிள் சவாரியை ஏற்பாடு செய்தார். முதல் சவாரியில் 478 பேர். பின்பு 2002-இல் சான் பிரான்சிஸ்கோ எய்ட்ஸ் நிறுவனமும் லாஸ் ஏஞ்சலஸ் எல்ஜிபிடி மையமும் அதே பாதையில் ‘எய்ட்ஸ் லைஃப்சைக்கிள்’ என்ற தங்கள் சொந்தச் சவாரியைத் தொடங்கின. 545 மைல், அதாவது ஏறத்தாழ 877 கிலோமீட்டர்.

அந்தக் காலத்தில் எய்ட்ஸ் என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்க மாட்டார்கள். மகன் எதனால் இறந்தான் என்பதை மறைத்த குடும்பங்கள் ஏராளம். சவாரிக்காரர் கடிதம் எழுத வேண்டுமானால் யாருக்காக மிதிக்கிறேன் என்று எழுதியாக வேண்டும். பெரியம்மாவுக்கும் பழைய ஆசிரியருக்கும் அலுவலக மேலாளருக்கும் அந்தக் கடிதம் போகும். ஒரு சவாரிக்கு ஆயிரக்கணக்கான இத்தகைய கடிதங்கள். எந்த விளம்பரத்தாலும் நுழைய முடியாத வீடுகளுக்குள் அந்தச் சொல் நண்பனின் கையெழுத்தோடு நுழைந்தது. எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்கள் தங்கள் சைக்கிளின் பின்னால் ஆரஞ்சு நிறக் கொடி கட்டி மிதித்தார்கள். நோயாளி என்றால் கட்டிலில் கிடப்பவர் என்று நினைத்தவர்களை அந்தக் கொடிகள் மேட்டில் முந்திக்கொண்டு போயின.

வழியில் இருக்கும் ஊர்களும் மாறின. 2025 வரை நடந்த அந்தச் சவாரி மூன்றாம் நாள் மதியம் பிராட்லி என்ற குக்கிராமத்தை அடையும். சலினாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தெற்குக் கோடியில், நூறு பேர்கூட இல்லாத ஊர். சவாரிக்காரர்களுக்கு அன்று மதியச் சாப்பாடு போட்டது ஊர்ப் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள். பெரியவர்கள் அடுப்பில் இறைச்சி வாட்ட, பிள்ளைகள் ரொட்டிக்குள் வைத்துத் தட்டில் நீட்டுவார்கள். அதில் வந்த பணம் பள்ளிப் பிள்ளைகளின் கல்விப் பயணத்துக்கும், அரசுப் பணம் எட்டாத மற்றச் செலவுகளுக்கும். நகரத்திலிருந்து நிதி திரட்ட வந்தவர்கள் அங்கே ஒரு கிராமப் பள்ளிக்கு நிதி கொடுப்பவர்களானார்கள். கிராமத்துப் பிள்ளை, தொற்றோடு வாழும் ஒருவருக்குத் தன் கையால் சோறு கொடுத்தது. கைகுலுக்கவே பயந்த நோய்க்கு இதைவிடச் சிறந்த பாடம் என்ன இருக்கிறது? நாட்டுப்புறத்தை வேடிக்கைக் காட்சியாகக் கடந்து போகும் சவாரிக்கும், அதோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளும் சவாரிக்கும் உள்ள தூரம் பிராட்லியில் தெரிந்தது.

செலவுக் கணக்கு

இந்த வழக்கத்தின் மேல் வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு செலவு. பலோட்டாவின் நிறுவனம் ஒன்பது ஆண்டுகளில் சைக்கிள் சவாரிகளும் மார்பகப் புற்றுநோய் நடைப்பயணங்களும் நடத்தி 50 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 1,82,000 பேர் கலந்துகொண்டார்கள். ஆனால் மொத்த வசூலில் 40 விழுக்காடு விளம்பரம், ஏற்பாடு, ஊழியர் சம்பளம் என்று போனது. விமர்சனம் முற்றி, ஆதரவாளர்கள் விலகி, 2002-இல் நிறுவனம் மூடப்பட்டது. ஒரே நாளில் 350 பேர் வேலை இழந்தார்கள். 2013-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் பலோட்டா தன் தரப்பைச் சொன்னார்: செலவு விகிதத்தைப் பார்க்காதீர்கள், கடைசியில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். 50,000 டாலர் முதலில் தொடங்கிய எய்ட்ஸ் சவாரிகள் எல்லாச் செலவும் போக 10.8 கோடி டாலர் கொடுத்தன. எங்களை விலக்கிவிட்டுத் தாங்களே நடத்தியவர்களுக்கு அடுத்த ஆண்டே வருமானம் சரிந்தது என்பது அவர் வாதம்.

இதற்கு எதிர்முனையில் பான்-மாஸ் சவாரி நிற்கிறது. சவாரிக்காரர் திரட்டும் பணத்தில் 100 விழுக்காடும் மருத்துவ நிலையத்துக்கே போகிறது என்று 2007 முதல் சொல்லி வருகிறார்கள், செய்தும் காட்டுகிறார்கள். ஆனால் செலவு மாயமாகிவிடவில்லை. பதிவுக் கட்டணமும் நிறுவனங்களின் ஆதரவும் அதைத் தாங்குகின்றன. 3,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் கூலியில்லாமல் உழைக்கிறார்கள். இரவுத் தங்கல் ஒரு கடல்சார் கல்விக்கூட வளாகத்தில். இரண்டே நாள், பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த நம்பிக்கை. ஏழு நாளும் ஊர் ஊராகப் பெயரும் கூடார நகரத்தை, அதுவும் வெறுக்கப்பட்ட ஒரு நோய்க்காக, இதோடு விகிதம் போட்டு ஒப்பிடுவது நியாயமாகாது. அந்த அளவுக்குப் பலோட்டா சொல்வது சரி.

அவர் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. பொருள் வாங்குபவர் விலையைப் பார்த்து வாங்குகிறார். சவாரிக்குக் கொடுப்பவர் கணக்கறிக்கையைப் பார்ப்பதில்லை; நண்பனின் முகத்தைப் பார்க்கிறார். நண்பன் ஏற்பாட்டாளரை நம்புகிறான். நண்பனிடம் யாரும் ரசீதைப் பிரித்துக் கேட்பதில்லை. ஆகவே கேள்வி கேட்கும் பொறுப்பு இடையில் எங்கோ கரைந்துவிடுகிறது. செலவு 40 விழுக்காடாக இருப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அது 40 விழுக்காடு என்பது கொடுப்பவருக்கு முன்கூட்டியே தெரியாமல் இருப்பதுதான் குற்றம். நட்பை முதலாக வைத்து நடக்கும் வசூலில் கணக்கு மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும். ஏனென்றால் அங்கே சந்தேகப்படுவதே மரியாதைக் குறைவாகத் தோன்றும்.

நோட்டில் பெயர் இல்லாதவர்கள்

செலவைவிட ஆழமான குறை இன்னொன்று. நட்பு எல்லோரிடமும் சமமாக இல்லை. வசதியுள்ளவரின் நண்பர்கள் வசதியுள்ளவர்கள். பல அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்கு இணையான தொகையைத் தாங்களும் போடுகின்றன. ஆகவே பெரிய நிறுவனத்துப் பொறியாளரின் நண்பர் கொடுக்கும் 100 டாலர் 200 ஆகும். அதே அலுவலகத்தைக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளியின் தோழர் கொடுக்கும் 20 டாலர் 20 ஆகவே இருக்கும். நல்ல சைக்கிளுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும், பயிற்சிக்கு ஓய்வு நேரம் வேண்டும், ஒரு வாரம் விடுப்பு வேண்டும். எய்ட்ஸ் லைஃப்சைக்கிள் பல ஆண்டுகள் ஒருவருக்கு வைத்திருந்த குறைந்தபட்ச வசூல் 3,000 டாலர். சலினாஸ் பள்ளத்தாக்கில் அந்தச் சவாரி கடந்துபோன கீரை வயல்களிலும் ஸ்ட்ராபெரி வயல்களிலும் குனிந்த முதுகு நிமிராமல் வேலை செய்பவர்களில் பலருக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. அவர்களும் சாலைக்கு மிக அருகில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெயரில் கடிதம் எழுத யாரும் இல்லை.

எந்த நோய்க்குச் சவாரி நடக்கும் என்பதையும் இதே கணக்குத் தீர்மானிக்கிறது. யாருடைய நண்பர்கள் கொடுக்க முடியுமோ அவர்களைத் தொட்ட நோய்க்கு நடக்கும். காசநோய்க்கு 300 கிலோமீட்டர் மிதிக்கும் பெரிய கூட்டம் இல்லை. காசநோய் உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொல்லாமலா இருக்கிறது? அது கொல்பவர்களுக்குச் சைக்கிள் நண்பர்கள் இல்லை.

1986-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். சென்னையில் பரிசோதிக்க வசதியில்லாமல் அவற்றை வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப் போக வேண்டியிருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் முதலில் தெரிந்தது. அந்தப் பெண்களுக்காகக் கடிதம் எழுதி 3,000 டாலர் திரட்டக்கூடிய நண்பர் யார் இருந்திருப்பார்? அவர்களைப் போன்ற லட்சக்கணக்கானோருக்குப் பின்னாளில் மாத்திரை கிடைத்தது அரசுத் திட்டங்கள் மூலமாகவும் உலக நிதியங்கள் மூலமாகவும்தான். அமெரிக்க அரசு 2003-இல் தொடங்கிய உலக எய்ட்ஸ் நிவாரணத் திட்டம் இதுவரை 10,000 கோடி டாலருக்கு மேல் செலவிட்டிருக்கிறது. எய்ட்ஸ் லைஃப்சைக்கிள் தன் வாழ்நாள் முழுவதும் திரட்டியது ஏறத்தாழ 30 கோடி டாலர். புற்றுநோயிலும் இதே கதைதான்: பான்-மாஸ் சவாரியின் 7.5 கோடிக்கு எதிரே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 700 கோடிக்கு மேல்.

இதனால் சவாரிப் பணம் வீண் என்று ஆகாது. அரசு நிதி பெரும்பாலும் ஓரளவு நிரூபணமான ஆய்வுக்கே வரும். எந்த நிபந்தனையும் இல்லாமல் வரும் நன்கொடைதான் இளம் ஆய்வாளரின் துணிச்சலான முதல் முயற்சியைத் தாங்கும். சுப்பாராவ் காலத்திலிருந்து மருத்துவம் இப்படிப்பட்ட முயற்சிகளால்தான் நகர்ந்திருக்கிறது. ஆனால் அளவு தெரிய வேண்டும். 2025-இல் அமெரிக்க அரசு மருத்துவ ஆய்வு நிதியையும் வெளிநாட்டு எய்ட்ஸ் உதவியையும் வெட்ட முனைந்தது. அந்த வெட்டை எத்தனை சைக்கிளாலும் ஈடுகட்ட முடியாது. அதே ஆண்டு ஜூனில் எய்ட்ஸ் லைஃப்சைக்கிள் தன் கடைசிச் சவாரியை முடித்தது. செலவு ஏறியது, கலந்துகொள்பவர் குறைந்தார்கள். இதுவும் நட்பின் இயல்புதான். ஆண்டுதோறும் அதே நண்பர்களிடம் அதே கேள்வியைக் கேட்டால் ஒரு கட்டத்தில் பதில் சுருங்கும். நோயாளியின் மாத்திரைக்கு அந்தச் சுருக்கம் தெரியாது. அது தினமும் வேண்டும்.

எதை வைத்து எடை போடுவது

ஒரு சவாரியை மதிப்பிட நான் நான்கு கேள்விகள் கேட்பேன். நோயோடு வாழ்பவர்கள் அதில் மிதிக்கிறார்களா, அல்லது பதாகையில் மட்டும் இருக்கிறார்களா? பான்-மாஸ் பாதையில் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெரிய படங்கள் சாலையோரம் வரிசையாக நிற்கும். மிதிப்பவரின் கால் அங்கே தளராது. அது நல்ல உந்துதல்தான். ஆனால் ஆரஞ்சுக் கொடிகள் அதைவிட ஒரு படி மேல். அங்கே நோயாளி இரக்கத்துக்குரியவர் அல்ல, சக பயணி. இரண்டாவது கேள்வி: செலவுக் கணக்கு பணம் கேட்கும் அதே பக்கத்தில் இருக்கிறதா? மூன்றாவது: வழியில் உள்ள ஊருக்கு என்ன கிடைக்கிறது? பிராட்லிப் பள்ளிக்கூடம் போல ஒரு பதிலாவது வேண்டும். நான்காவது: கூட்டாகத் திரட்டவோ, குறைந்தபட்ச வசூலை விட்டுக்கொடுக்கவோ இடம் வைத்து, பணக்கார நண்பர்கள் இல்லாதவருக்கும் சைக்கிளில் இடம் தருகிறார்களா?

இந்த நான்குக்கும் நல்ல பதில் சொல்லும் சவாரிகூட ஒரு வேலையைச் செய்ய முடியாது. நண்பர் இல்லாத நோயாளிக்கு அது உத்தரவாதம் தராது. அந்த உத்தரவாதம் வரிப்பணத்திலிருந்து, உரிமையாக வர வேண்டியது. அதனால் மிதிப்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. உங்கள் பெயருக்காக 50 பேர் பணம் கொடுத்தார்கள் என்றால், உங்கள் சொல்லை 50 பேர் மதிக்கிறார்கள் என்று பொருள். பணம் கேட்டு எழுதிய அந்த 50 பேருக்கும் இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதில் பணம் கேட்காதீர்கள். பொது மருத்துவமனைக்கும் பொது ஆய்வு நிதிக்கும் கைவைக்கும் எவரையும் தேர்தலில் கேள்வி கேளுங்கள் என்று எழுதுங்கள். மிதித்த களைப்பில் கேட்டதால்தானே முதல் கடிதத்துக்கு எடை கிடைத்தது? அந்த எடையை இரண்டாவது கடிதத்திலும் வைத்தால், நட்பு எட்டாத நோயாளிக்கும் நட்பால் ஒரு பயன் விளையும். அதுவரை நன்கொடைச் சவாரியை நான் பாதி நல்ல காரியம் என்றே சொல்வேன். அந்தப் பாதி மிகவும் நல்ல பாதி. மீதிப் பாதியைச் செய்யக் கூடியவர்களும் அந்த மிதிப்பவர்களே.